சப்பிரகமுவ மலைவழி: யாத்திரையும் அழிவும் மீட்சியும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளிலும் கோயில்களிலும் கல்வெட்டுகளிலும் தேடுதல் அறிஞர் வழக்கம். மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து பண்படுத்திய வழிகளும் அவ்வாறே ஆராயத்தக்கன. ஈழநாட்டின் வழிகளுள் பழமையும் பெருமையும் ஒருங்கே வாய்ந்தது, சப்பிரகமுவ மாகாணத்தின் ஊடாகச் சிவனொளிபாதமலையை அடையும் மலைவழியாகும். கொழும்பிலிருந்து இரத்தினபுரியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை அவிசாவளையைக் கடந்து மலைப்புறத்தைச் சாரும் இடத்தில் எஹலியகொட என்னும் நகர் அமைந்துள்ளது. இரத்தினபுரி மாவட்டத்திற்கு மேற்கு வாயில் எனத்தக்க இந்நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வோர், குருவிட்டவையும் இரத்தினபுரியையும் அடைந்து, அங்கிருந்து மலையேறுவர். இவ்வழி பலமுறை அழிந்தது, பலமுறை மீண்டது. அது மீண்ட வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். சப்பிரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. தனி மாகாணமாக 1889இல் அமைக்கப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்றை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவு தடுத்து நிறுத்துதலின் ஈழத்தில் மழைமிக்க பகுதிகளுள் ஒன்றாக இது விளங்குகின்றது. இரத்தினபுரியில் ஆண்டுதோறும் 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்யும். களுகங்கையும் களனிகங்கையும் சிவனொளிபாதமலைத் தொடரிலேயே தோன்றுகின்றன. பள்ளத்தாக்குகளில் நெல்வயலும், குன்றுகளில் இறப்பரும், அவற்றின் மேல் தேயிலையும், அதற்கும் மேல் காடும் அடுக்கடுக்காகத் தோன்றும். வயல்களின் அடியில் மாணிக்கக் கற்கள் செறிந்த பரல்மண் படை உண்டு. அதனைச் சிங்களமக்கள் 'இல்லம்' என்பர். அப்படையை நாடித் தோண்டிய குழிகளை எஹலியகொட, குருவிட்ட, இரத்தினபுரி ஆகிய இடங்களில் இன்றும் காணலாம். மழையே இந்நிலத்தின் செல்வத்திற்குக் காரணம். மலையை அரித்து மாணிக்கத்தைப் பள்ளத்தில் சேர்த்த அதே நீர்தான் மலையைச் சரித்து ஊரையும் மூடுகின்றது.

இந்நிலத்தில் மனிதன் வாழத் தொடங்கிய காலம் மிகப் பழையது. குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென என்னும் குகையில் நடைபெற்ற அகழாய்வுகள், ஏறக்குறைய 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மனிதர் வாழ்ந்தனர் என்பதைக் காட்டின. நுண்ணிய கற்கருவிகளும் மனித எலும்புகளும் அங்குக் கிடைத்தன. சப்பிரகமுவ என்னும் பெயரும் 'சபரர்' எனப்பட்ட வேடர் வாழ்ந்த நிலம் என்னும் பொருளுடையது என்பர் சிலர். ஆகவே, யாத்திரிகர் நடந்த வழி அவர்களுக்கு முன்னரே வேட்டுவர் நடந்த வழியாதல் கூடும்.

மலையைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். 2,243 மீற்றர் உயரமுடைய அச்சிகரத்தின் உச்சியில், பாறையொன்றில் பாதம் போன்ற குழிவு ஒன்று காணப்படுகின்றது. அதனைச் சைவர் சிவபெருமானின் பாதமென்றும், பௌத்தர் புத்தபிரானின் பாதமென்றும், இஸ்லாமியர் ஆதிபிதா ஆதாமின் பாதமென்றும் கொள்வர். கிறித்தவருள் சிலர் தோமையாரின் பாதமென்பர். பாளி நூல்கள் இம்மலையைச் சமந்தகூடம் என வழங்கும். தமிழிலே மணிமேகலைக் காப்பியம் இரத்தின தீவத்துச் சமந்தமலையையும் அதன் உச்சியிலுள்ள பாதத்தையும் குறிப்பிடுகின்றது. கி. பி. ஐந்தாம் நூற்றாண்டிலே ஈழத்திற்கு வந்த சீனத் துறவி பாகியனும் மலையுச்சியிலுள்ள பாதத்தைப் பற்றி எழுதினார். ஒரே சுவட்டை நான்கு சமயத்தாரும் தத்தம் பெயரால் வணங்குவதும், ஒரே வழியில் முன்னும் பின்னுமாக ஏறுவதும் உலகில் அரிதாகக் காணப்படும் காட்சியாகும்.

பாதத்தை வணங்கிய அரசர் பலர். எனினும் வழியைப் பேணிய அரசரே வரலாற்றில் சிறப்பாக நினைக்கத்தக்கவர். சோழராட்சியை முடித்துப் பொலனறுவையில் ஆண்ட முதலாம் விஜயபாகு, கி. பி. 1055 முதல் 1110 வரை ஆட்சிபுரிந்தவன். மலையேறும் மக்கள் உணவின்றி வருந்துதலை அறிந்த அவன், இரத்தினபுரிப் பக்கத்து வழியிலுள்ள கிலிமலை என்னும் ஊரை அவர்களுக்கு அன்னமளித்தற்கென்று மானியமாக விட்டான் எனச் சூளவம்சம் கூறும். ஏனைய வழிகளில் வருவோர்க்கும் அவ்வாறே ஊர்கள் விடப்பட்டன. அவனுடைய அம்பகமுவக் கல்வெட்டும் இவ்வறத்திற்குச் சான்று பகர்கின்றது. ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. மன்னன் மலையுச்சிக்குப் பொன் அளித்ததோடு நில்லாது, மலையடியிலுள்ள ஓர் ஊரின் விளைவையே யாத்திரைக்கு உரியதாக்கினான். அடிவாரத்து ஊர் வாழ்ந்தாலன்றி உச்சியிலுள்ள தலம் வாழாது என்னும் உண்மை அம்மானியத்தில் அடங்கியுள்ளது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சனாகிய தேவபதிராசன் இப்பணியைத் தொடர்ந்தான். கம்பளைப் பக்கத்திலிருந்து மலைக்குச் செல்லும் வழியில் அவன் பாலங்களையும் தங்குமடங்களையும் அமைத்தான். ஒவ்வொரு பாலத்தின் நீளத்தையும் முழக்கணக்கில் சூளவம்சம் குறித்துவைத்துள்ளது. போர் வெற்றிகளைப் பாடும் நூலொன்று பாலத்தின் அளவையும் மறவாது கூறுமாயின், வழியமைத்தலை அக்காலத்தார் எத்துணைப் பெரிய அறமாகக் கருதினர் என்பது விளங்கும். யாழ்ப்பாணத்தில் தெருமூடிமடமும் சுமைதாங்கியும் கேணியும் அமைத்த பெரியோரின் உள்ளமும் இதுவேயாம். சிங்கள ஊர்களில் 'அம்பலம்' எனப்படும் வழிப்போக்கர் மண்டபங்களும் இக்கருத்திலேயே எழுந்தன.

தமிழ்மக்களுக்கு இவ்வழியோடு இருந்த தொடர்பைக் காட்டும் சிறந்த சான்று, மொரோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபன் பதூதாவின் குறிப்பாகும். 1344ஆம் ஆண்டில் அவர் புத்தளத்தில் கரையேறியபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று உபசரித்தான். யாது வேண்டும் என்று மன்னன் வினவ, பாதத்தைத் தரிசிப்பதன்றி வேறு விருப்பமில்லை என்றார் அவர். மன்னன் பல்லக்கு ஒன்றை அளித்து, ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்யும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமப்போர் பதினைவரையும் துணையாக அனுப்பினான். இஸ்லாமியர் ஒருவர் மலையேறுதற்குச் சைவ மன்னன் ஒருவன் யோகியரை வழித்துணையாக்கினான் என்பது சிந்தித்து இன்புறத்தக்கது. மலைக்கு இருவழிகள் உள்ளன என்றும், ஒன்று எளியது மற்றது கடியது என்றும், செங்குத்தான பாறைகளில் பற்றியேறுதற்கு இருப்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்தன என்றும் அவர் எழுதினார். அட்டைகள் கடித்தால் அவற்றின்மேல் எலுமிச்சஞ்சாறு பிழிதற்கு மக்கள் ஆயத்தமாயிருந்தனர் என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. அவருக்கு அரை நூற்றாண்டிற்கு முன் எழுதிய மாக்கோ போலோவும் அச்சங்கிலிகளைப் பற்றிக் கூறியுள்ளார்.

வழி என்பது சமயப் பொதுமையை மட்டும் கண்டதன்று, பூசலையும் கண்டது. எஹலியகொடவுக்கு மேற்கே, அவிசாவளையில், 1521இல் சீதாவாக்கை அரசு தோன்றியது. அவ்வரசின் புகழ்பெற்ற மன்னன் முதலாம் இராசசிங்கன். போர்த்துக்கேயரைப் பலமுறை கலங்கச்செய்த அவன் சைவ சமயத்தைத் தழுவினான் என்றும், சமந்தமலையைச் சைவத் துறவியர் பொறுப்பில் விட்டான் என்றும் சூளவம்சம் கூறும். அந்நூல் அவனைக் கடிந்தே பேசுகின்றது. சீதாவாக்கை ஆற்றின் கரையில், அரண்மனை இருந்த மேட்டுக்கு எதிரே, பெரெண்டி கோவில் எனப்படும் கற்கோயிலின் அடித்தளம் இன்றும் உள்ளது. பைரவர்க்கென எழுப்பப்பட்ட அக்கோயில் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. நுண்ணிய சிற்பவேலைப்பாடுடைய கருங்கற்கள் அங்குக் காணப்படுகின்றன. இராசசிங்கன் 1593இல் இறந்தபின் அவ்வரசும் விரைவில் அழிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் மலையை மீண்டும் பௌத்த சங்கத்தாரிடம் ஒப்படைத்து, குட்டாபிட்டிய என்னும் ஊரை அதற்கு மானியமாக்கினான். உரிமை கைமாறியது, ஆயினும் ஊரொன்றை மானியமாக்கும் முறை மாறவில்லை. எல்லாச் சமயத்தவரும் ஏறும் வழக்கமும் மாறவில்லை.

1815இல் கண்டி அரசு பிரித்தானியர் கைப்பட்டது. அவ்வாண்டிலேயே மல்கம் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி மலையேறினார். 1817இல் மருத்துவராகிய ஜோன் டேவி ஏறி, தாம் கண்டவற்றை நூலாக்கினார். அந்நாளில் இரத்தினபுரியிலிருந்து களுத்துறைவரை களுகங்கையில் படகுகள் சென்றுவந்தன. பின்னர் மலைச்சாலைகள் அமைந்தன. களனிப் பள்ளத்தாக்குப் புகைவண்டிப்பாதை 1902இல் அவிசாவளையை அடைந்தது. அதன் குறுகிய தண்டவாளம் எஹலியகொட வழியாக நீண்டு 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓபநாயக்கவையும் எட்டியது. மலைச்சரிவுகளை வளைந்து வளைந்து சென்ற அச்சிறு வண்டி, யாத்திரிகரையும் இறப்பரையும் தேயிலையையும் ஒருங்கே சுமந்தது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி மூடப்பட்டது. புகைவண்டி 1884இலேயே ஹற்றனை அடைந்திருந்தமையால், நல்லதண்ணி வழியே ஏறுவோர் தொகை ஏலவே பெருகியிருந்தது. இரத்தினபுரியிலிருந்து கிலிமலை, பலாபத்தல வழியாகவும், குருவிட்டவிலிருந்து எரத்ன வழியாகவும் செல்லும் பழைய பாதைகள் நீண்டவை, கடியவை. எனினும் அவற்றை விரும்பி ஏறுவோர் இன்றும் உளர்.

அக்காலத்தில் இம்மலைச்சரிவுகளின் தோற்றமே மாறியது. கோப்பிப் பயிர் 1869இல் தோன்றிய இலைநோயால் அழிந்தபின் தேயிலை பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கிலும் இரத்தினபுரிச் சரிவுகளிலும் இறப்பர் பரவியது. காடு வெட்டி மலை திருத்துதற்குத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் தமிழ்த் தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். அவர்கள் குடியிருக்க 'லயன்' எனப்படும் வரிசை அறைகள் கட்டப்பட்டன. தோட்டத்தின் நல்ல நிலமெல்லாம் பயிருக்கே ஆகவேண்டும் என்னும் கணக்கில், பல லயன்கள் சரிவுகளின் அடியிலும் ஓடைகளின் ஓரத்திலும் அமைந்தன. அவ்வறைகளின் அருகே மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பலரை இந்தியாவுக்கு அனுப்பியது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பெரும்பாலும் தீர்ந்தது. ஆயினும் தாம் வாழும் அறைக்கோ அதன் அடிநிலத்துக்கோ உறுதிப்பத்திரம் இல்லாதோர் இன்னும் பலர்.

இனி அழிவின் வரலாற்றை நோக்குவோம். 1947 ஆகஸ்டு மாதத்தில் ஏற்பட்ட வெள்ளம் களனி, களு ஆகிய இரு ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் மூழ்கடித்தது. 2003 மே மாதத்தில், வங்காள விரிகுடாவில் எழுந்த புயலின் விளைவாகப் பெய்த பெருமழையால் இரத்தினபுரி நகர் நீரில் ஆழ்ந்தது. மண்சரிவுகளும் வெள்ளமுமாக நாட்டில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருள் பெரும்பாலோர் இரத்தினபுரி மாவட்டத்தினர். 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசரமலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய ஊர்களை மூடியது. இறந்தோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேலாயினர். அதே நாளில் புலத்கொகுபிட்டியவில் களுபஹனத் தோட்டத்து லயன் வீடுகள்மீதும் மண் சரிந்து பலரைப் பலிகொண்டது. மறு ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்கள் மீண்டும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் அகப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயல் மத்திய மலைநாடு முழுவதையும் உலுக்கியது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டுப் புகைவண்டிப்பாதை பல இடங்களில் சிதைந்தது. கேகாலை மாவட்டமும் உயிரிழப்பினின்று தப்பவில்லை.

இவ்வாண்டுகளை நிரல்படுத்திப் பார்ப்பின் ஓர் உண்மை புலப்படும். 2003, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளின் அழிவுகளும் மே மாதத்தில் நிகழ்ந்தன. சிவனொளிபாத யாத்திரைக் காலமோ மார்கழியை ஒட்டிய உந்துவப் பூரணையில் தொடங்கி, வைகாசிப் பூரணையோடு நிறைவுறுவது. தொடக்கத்தில் பெல்மதுளையின் கல்பொத்தாவல விகாரையிலிருந்து சமன் தெய்வத்தின் திருவுருவம் மலைக்குக் கொண்டுசெல்லப்படும். முடிவில் மீண்டும் அங்குச் சேர்க்கப்படும். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மலையை விட்டு இறங்கிவிடுக என்னும் முன்னோர் அறிவுரையே இவ்வழக்கமாக உருக்கொண்டது எனல் தவறாகாது. மலையை நன்கு அறிந்த முதியவர் ஒருவரைக் கூட்டத்தின் தலைவராகக் கொண்டு, அவர் சொற்படியே ஏறி இறங்கும் வழக்கமும் அத்தகையதே. எனினும் திட்வா புயல் அப்பழைய கணக்கையும் பொய்யாக்கியது. உந்துவப் பூரணை 2025 டிசம்பர் 4ஆம் நாள் வரவிருக்க, ஒரு கிழமைக்குள் அப்புயல் முந்திக்கொண்டது. காலநிலை மாறிவரும் இந்நாளில், வழக்கத்தோடு ஆராய்ச்சியும் சேர்தல் வேண்டும் என்பதை இது உணர்த்துகின்றது.

அத்தகைய ஆராய்ச்சி நடைபெறாமல் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களை அளந்து வரைபடங்கள் ஆக்கியுள்ளது. இருபத்துநான்கு மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது அந்நிறுவனம் வகுத்த படிமுறை. நிலத்தில் வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், சுவர் பிளத்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் அல்லது புதிய ஊற்றுத் தோன்றுதல் ஆகியன சரிவின் முன்குறிகள். வீடமைக்கவும் தெருவமைக்கவும் சரிவின் அடியை வெட்டுதலும், பழைய வடிகால்கள் தூர்ந்துபோதலும் அபாயத்தைப் பெருக்குகின்றன. தோட்டங்களில் முன்னாளில் கான் வெட்டுதல் என்பது ஒரு தனி வேலையாகவே இருந்தது. மழைநீரைச் சரிவின் குறுக்கே மெதுவாக இறக்கிவிடும் அக்கான்கள் தூர்ந்தால், நீர் மண்ணுள் இறங்கி மலையை உள்ளிருந்து தளர்த்தும்.

ஆயினும், எச்சரிக்கை கேட்டவர் போவதற்கு ஓர் இடம் வேண்டும். தமக்கென ஒரு துண்டு நிலம் உடையவன் பாதுகாப்பான வேறிடத்தை நாடலாம். லயன் அறையில் வாழ்பவன் அவ்வறையை விட்டால் வேறொன்றும் இல்லாதவன். மழை விட்டதும் அவன் அதே சரிவுக்குத் திரும்புவதற்கு அறியாமை காரணமன்று, நிலமின்மையே காரணம். தோட்டமக்களுக்கு ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு அமைக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசின் உதவியுடன் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4,000 வீடுகள் அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. மேலும் 10,000 வீடுகளுக்கான உதவி 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய வீடுகள் எவ்வளவு விரைவில் சரிவுகளின் அடியிலுள்ள குடும்பங்களைச் சென்றடைகின்றனவோ, அவ்வளவு உயிர்கள் காக்கப்படும்.

சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடு, மத்திய மலைநாட்டின் ஏனைய இரு காப்புநிலங்களோடு சேர்ந்து, 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. அதனால் உலகின் பல பாகங்களிலிருந்தும் பயணிகள் வருகின்றனர். அழிவு நேர்ந்தபின் சாலை திருத்தப்படும், பாலம் கட்டப்படும், படிகள் சீராக்கப்படும், பயணம் மீண்டும் தொடங்கும். இவை யாவும் வேண்டுவனவே. பயணிகளின் வருகையால் வழியோரத்துக் கடைக்காரர், வண்டியோட்டிகள், சுமைகாரர் முதலாயினோர் பிழைப்பர். ஆனால் சாலை திறந்த நாளையே மீட்சி நாளாகக் கொள்வது முன்னோர் காட்டிய முறைக்கு மாறானது. யாத்திரிகரைக் காக்க எண்ணிய விஜயபாகு மன்னன் அடிவாரத்து ஊரிலிருந்தே தன் அறத்தைத் தொடங்கினான். கிலிமலை வளமாயிருந்தமையாலன்றோ மலையேறியவர் பசியாறினர்? அவ்வூரின் இடத்தில் இன்று நிற்பன வழியோரத்துச் சிற்றூர்களும் தோட்ட லயன்களுமே.

மரபுரிமை என்பது பாறையில் பதிந்த சுவடும், முற்றுப்பெறாத கோயிலின் சிற்பமும், குகையிற் கிடைத்த கற்கருவியும் மட்டுமாயின், அவற்றைக் கம்பிவேலியிட்டுக் காத்தல் போதுமானதாகும். பாலத்தை முழக்கணக்கில் அளந்து வைத்த சிந்தனையும், அயல்சமயத்தானுக்கு வழித்துணை அனுப்பிய பண்பும், பசித்தவர்க்கு ஓர் ஊரையே விட்ட ஈகையும் மரபுரிமையாயின், அதனைக் காப்பது மலையடியில் வாழ்வோரின் உயிரையும் நிலத்தையும் காப்பதாகும். சிவனொளிபாத உச்சியில், தாம் ஏறிய முறைகளின் எண்ணிக்கைக்கேற்ப யாத்திரிகர் மணியடிப்பது வழக்கம். அவ்வொலி கேட்கும் எல்லைக்குள் வாழும் மக்கள் மழைக்காலத்து இரவுகளில் அச்சமின்றி உறங்கும் நாளே, இம்மலைவழி உண்மையாக மீண்ட நாளாகும்.